கரைச்சல் இல்லாத பிள்ளை

என்னைப் பற்றி இதுவரை சொல்லப்பட்ட பாராட்டுகளில் நான் அடியோடு வெறுப்பது ஒன்றுண்டு. "இவள் ஒரு கரைச்சலும் இல்லாத பிள்ளை." கரைச்சல் என்றால் தொந்தரவு. எங்கள் ஊர் வாயில் அது இன்னும் கொஞ்சம் அகலமான சொல். பிள்ளை அழுதால் கரைச்சல், இரண்டாம் தரம் சோறு கேட்டால் கரைச்சல், காய்ச்சல் வந்து படுத்தாலும் கரைச்சல்தான். அம்மா இந்தச் சொல்லைச் சொல்லித்தான் என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். பெரியம்மா இதைச் சொல்லித்தான் என்னை வைத்திருந்தார். என்னைக் காதலித்த முதலாவது ஆளும் இதையே சொல்லித்தான் காதலித்தார். மூன்று பேருக்கும் வேறு சொல் அகப்படவில்லை.

எனக்கு எட்டு வயது. யாழ்ப்பாணத்தில் குண்டு விழத் தொடங்கியிருந்த காலம். கொட்டாஞ்சேனையில் குடியிருந்த பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஒரு பிள்ளையை வேண்டுமானால் தன்னிடம் அனுப்பலாம் என்று கடிதம் எழுதியிருந்தார். ஒன்று என்றுதான் எழுதியிருந்தார். நாங்கள் மூன்று பேர், எனக்குக் கீழே இரண்டு தம்பிமார். யாரை அனுப்புவது என்று அம்மாவும் அப்பாவும் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் இருந்து கதைத்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பெரிய தம்பி படுக்கையை நனைப்பான். சின்னவன் அம்மாவின் சேலைத் தலைப்பை விடமாட்டான். "இவளை அனுப்புவம். இவளாலை ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் அம்மா.

எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல! வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட அப்படி வந்ததில்லை. இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். படுக்கையை நனைத்தவன் அம்மாவோடு இருந்தான். நல்ல பிள்ளைக்கு ரயில் டிக்கெட் எடுத்தார்கள். கொஞ்சமாவது மூளை இருந்திருந்தால் நானும் அன்றைக்கே படுக்கையை நனைத்திருப்பேன்.

"ரெண்டு கிழமைதான் பிள்ளை. பெரியம்மாவுக்குக் கரைச்சல் குடுக்காமல் இரு" என்று ஸ்டேஷனில் வைத்து அம்மா சொன்னார். அந்த இரண்டு கிழமை பதின்மூன்று வருடம் ஓடியது.

பெரியம்மாவின் வீடு கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள், மேல்மாடியில் இருந்தது. பெரியப்பா ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் கிளாக். அவர்களுக்கு ஒரே மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். போன முதல் நாள் பெரியம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பையை எடுத்து எனக்குத் தேத்தண்ணி தந்தார். அவருடைய மகள் நெளிந்துபோன தன் சில்வர் கப்பில் குடித்துக்கொண்டு என்னைப் பொறாமையோடு பார்த்தாள். இரண்டு கிழமை முடிந்த பிறகும் எனக்குப் பூப்போட்ட கோப்பைதான் வந்தது. இரண்டு வருடம் முடிந்த பிறகும் அதுதான். எனக்கு அந்த நெளிந்த கப்பில் குடிக்கத்தான் ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் கரைச்சல்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், எதிர்த்து நாலு வார்த்தை பேசப் பழகியிருப்பேன். அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை, பட்டினி போடவில்லை. தன் மகளைத்தான் அடித்தார். அவள் பிளேட்டைத் தூக்கி எறிவாள், முதுகில் இரண்டு விழும், அரைமணித்தியாலத்தில் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பாள். நான் சாப்பிட்ட பிளேட்டை உடனே கழுவி, துடைத்து, சத்தமில்லாமல் வைப்பேன். காலையில் எல்லோருக்கும் முதல் எழும்பிப் பாயைச் சுருட்டுவேன். பிரிட்ஜை ஒருநாளும் நானாகத் திறந்ததில்லை. வருகிறவர்களிடம் பெரியம்மா என்னைக் காட்டி, "வீட்டிலை ஒரு ஆள் இருக்கிற மாதிரியே தெரியாது" என்று புகழுவார். வந்தவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் பிள்ளை இருப்பதே தெரியவில்லை என்றால் அதில் என்ன புகழ் இருக்கிறது என்று அந்தப் புத்திசாலிகள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர் வீடென்றால் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு படிவத்தில் நிரப்பிக் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அதற்குப் 'பொலிஸ் ரிப்போட்' என்று பெயர். பெரியப்பாவின் கையெழுத்து அவருக்கே விளங்காது. நான் பள்ளிக்கூடத்தில் சிங்களம் நன்றாக எழுதப் பழகியிருந்தேன். அதனால் பன்னிரண்டு வயதில் அந்த வீட்டின் பொலிஸ் ரிப்போட் எழுதும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது.

பெயர், வயது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, நிரந்தரமா தற்காலிகமா. கடைசியில் ஒரு கட்டம்: தற்காலிகம் என்றால் தங்குவதற்குக் காரணம். பெரியப்பா, பெரியம்மா, மகள் மூவருக்கும் 'நிரந்தரம்' என்று எழுதுவேன். அவர்களுடைய காரணக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். நிரந்தரமானவர்கள் ஒரு வீட்டில் இருப்பதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை. நாலாவது வரி என்னுடையது. உறவினர். தற்காலிகம். காரணம்: படிப்பு. அதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. படிவம் மாறும், பொறுப்பதிகாரி மாறுவார், சட்டம் ஒருமுறை எடுபட்டு மறுபடி வரும். என்னுடைய வரி மட்டும் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கையெழுத்து வரவர வடிவாகிக்கொண்டு போனது.

பதினைந்து வயதில் ஒருமுறை அம்மா வந்தார். அப்போது ஊரை விட்டு வெளியே வருவதென்றால் பாஸ் எடுக்க வேண்டும், திரும்பி வருவேன் என்பதற்கு ஆள் பிணை வைக்க வேண்டும். அப்பாவும் தம்பிமாரும் அங்கே பிணை. என்னிடம் திரும்பி வருவார் என்பதற்கு யாரும் எங்கேயும் பிணை நிற்கவில்லை. அம்மா மெலிந்து, கறுத்து, லொறியிலும் வள்ளத்திலும் வந்த களைப்போடு கதிரையில் இருந்தார். நான் நேரே போய்க் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பூப்போட்ட கோப்பைகளில் இன்னொன்றை எடுத்து, தேத்தண்ணி ஊற்றி, சோசர் வைத்து நீட்டினேன். "சீனி காணுமோ, இன்னும் போடட்டோ?" என்று கேட்டேன். ஏழு வருடத்துக்குப் பிறகு பெற்ற தாயிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். நான் அப்படி நின்ற நிற்பில் யாருக்கும் கட்டிப்பிடிக்க மனம் வந்திருக்காது என்பதும் உண்மைதான். அவர் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து, "வடிவா வளத்திருக்கிறாய் அக்கா. ஒரு கரைச்சலும் இல்லைத்தானே?" என்றார். "இவளாலையோ? சீச்சீ" என்றார் பெரியம்மா. இரண்டு பேரும் திருப்தியாகச் சிரித்தார்கள். ஒரு சாமானை இரவல் கொடுத்தவரும் வாங்கியவரும் அது உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. அம்மாவை அன்றைக்குத்தான் முதன்முதலாக வெறுத்தேன். பன்னிரண்டு நாளில் அவர் தம்பிமாரிடம் திரும்பிப் போனார்.

இப்படித் தயாரான ஒருத்திக்கு எப்படிப்பட்ட காதலன் வாய்ப்பான்? சொல்கிறேன். இருபத்தொரு வயதில் எனக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் பெண்களுக்கான ஒரு போர்டிங்கில் அறை எடுத்தேன். பக்கத்து லொட்ஜில் கனடாவுக்குப் போவதற்காக ஒருவர் காத்திருந்தார். காத்திருப்பதுதான் அவருக்குத் தொழில். பின்னேரங்களில் கடற்கரை ரயில் பாதை ஓரமாக என்னோடு நடந்துகொண்டு கனடாவைப் பற்றிக் கதைப்பார். ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஏழு மணிக்கு வருவார். "கனநேரம் நிண்டனீரோ?" என்பார். "இல்லை, இப்பதான் வந்தனான்" என்பேன். கால் கடுத்துக்கொண்டு நிற்கும்.

என் பிறந்தநாள் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. ஒருநாள் கல்லில் இருந்து கடலைப் பார்த்தபடி அவர் சொன்னார். "நீர் மற்றப் பொம்பிளையள் மாதிரி இல்லை. எங்கை போனீங்கள், ஏன் பிந்தினீங்கள் எண்டு ஒண்டும் கேக்கிறேல்லை. உம்மாலை ஒரு கரைச்சலும் இல்லை." எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றபோது வந்த அதே பெருமை. அந்தக் கணத்தில் அந்த மனிதருக்காக உயிரையே விட்டிருப்பேன் என்று நினைக்கிறபோது எனக்கு என்மேல் வருகிற அருவருப்புக்கு அளவில்லை.

போவதற்கு இரண்டு நாள் முன்புதான் விசா வந்த கதையைச் சொன்னார். அவருடைய சேட்டுகளை நான்தான் மடித்து அடுக்கிக் கொடுத்தேன். "ரெண்டு வருசம்தான்" என்றார். இரண்டு கிழமை எவ்வளவு நீளும் என்று கண்டவள் நான், இரண்டு வருடம் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே "பரவாயில்லை" என்றேன். போன ஒன்பதாம் மாதமே, அங்கே வேறொருத்தியோடு கல்யாணம் என்று லொட்ஜில் இருந்த நண்பருக்கு எழுதியிருந்தாராம். எனக்கு எழுதவில்லை. அவரைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கெட்டவன் என்று சொல்லும் அளவுக்கு அவரிடம் சரக்கு இல்லை.

சில வருடங்களுக்குப் பிறகு எங்கள் கம்பனியில் மனநலம் பற்றி ஒரு அம்மையாரைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். திரையில் அம்புக்குறிகள் போட்டு, சின்ன வயதில் நமக்குக் கிடைத்த அன்பையே பெரிய வயதில் துணையிடம் தேடுகிறோம் என்று விளக்கினார். பிறகு கண்ணை மூடி எங்களை நாங்களே அணைத்துக்கொள்ளச் சொன்னார். நாற்பது உத்தியோகத்தர் ஏசி அறையில் தங்களைத் தாங்களே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கண்றாவியை நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேடுகிறோம் என்பது மிகப் பெரிய சொல். நான் எதையும் தேடவில்லை. பழகின மணம் எங்கே அடித்ததோ அங்கே போய்க் குந்தினேன், அவ்வளவுதான்.

என் கணவர் என்னிடம் முதலில் பேசியதே சண்டைதான். துறைமுகத்தில் வேலை, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். காப்புறுதி அலுவலாக எங்கள் கம்பனிக்கு வந்துபோகத் தொடங்கி, சிநேகிதமாகி, சேர்ந்து தேத்தண்ணி குடிக்கும் அளவுக்கு வந்திருந்தோம். நான் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு நாலாம் நாள் வேலைக்கு வந்தேன். கவுண்டருக்கு முன்னால் நின்று, அவ்வளவு பேர் பார்க்க, "காய்ச்சல்னு ஏன் ஒரு போன் பண்ணல? செத்துப்போனாலும் சொல்ல மாட்டியா?" என்று கத்தினார். என்ன அநாகரிகமான மனிதர் என்று நினைத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

"வேதக்காரர், அதுவும் ஹாபர் பக்கம்" என்று பெரியம்மா மூக்கைச் சுளித்தார். அவரோடு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நானும் உடன்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணவரின் வீட்டுக்கு முதன்முதல் போனபோது உள்ளே எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அந்தச் செருப்புக்காகத் தேவமாதாவில் இருந்து அந்தோனியார் வரைக்கும் சாட்சிக்கு இழுத்தார்கள். பிறகு அதே எட்டுப் பேரும் ஒரே மேசையில் இடித்துக்கொண்டு இருந்து சாப்பிட்டார்கள். அவருடைய அம்மா என் கையில் விளிம்பு உடைந்த ஒரு கோப்பையில் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, "குடிச்சிட்டு இந்த வெங்காயத்த வெட்டு புள்ள. சும்மா நிக்காத" என்றார். முதல் நாள் வந்த பெண்ணுக்கு உடைந்த கோப்பை! எனக்கு மானமே போனதுபோல இருந்தது. மரியாதை தெரியாத சனம் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே வெங்காயம் வெட்டினேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கல்யாணம் முடிந்து வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு அனெக்ஸ் எடுத்தோம். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, யுத்தம் மறுபடி மூண்டிருந்தது. மறுபடி சோதனைச் சாவடி, மறுபடி பொலிஸ் ரிப்போட். அவர் படிவத்தை வாங்கி வந்தார். "நீதானே வடிவா எழுதுவ" என்று என்னிடம் தந்தார். நான் நிரப்பிக் கொடுக்க, வாசித்துப் பாராமல் கையெழுத்து வைத்துக் கொண்டுபோய் முத்திரை குத்துவித்து வந்தார்.

அந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன்? நன்றாகப் பழகின மாதிரியே இருந்தேன். "ஃபேனைப் போடட்டோ?" என்று கேட்டுத்தான் போடுவேன். அவர் குடித்து முடிக்கும் முன்பே கோப்பையைக் கழுவக் காத்துநிற்பேன். என் உடுப்புகள் சூட்கேசில் இருந்தன. "அலுமாரியில பாதி ஒனக்குத்தான்" என்று பலதடவை சொன்னார். "பரவாயில்லை" என்றேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பை வைத்திருந்தேன். அந்த நாட்களில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அவசரத்துக்கு ஓடுவதற்கு ஒரு பை இருந்ததுதான். மற்ற வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு பை. என்னுடைய பையில் என் இரண்டு சோடி உடுப்பும் என் பத்திரங்களும் மட்டும் இருந்தன.

அவர் சண்டைக்கு வந்து வந்து பார்த்தார். சுவரோடு எத்தனை நாள் சண்டை பிடிப்பது? மெல்ல மெல்ல அவர் வீட்டுக்குப் பிந்தி வரத் தொடங்கினார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் நகரத்தில் குண்டு வெடித்தது. டெலிபோன்கள் அடைத்துக்கொண்டன, பஸ்கள் நின்றுவிட்டன. அவர் துறைமுகத்திலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் நடந்தும் ஓடியும் வந்தார். வழியில் இரண்டு இடத்தில் மறித்து விசாரித்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் நான் வீட்டில் மத்தியானத்திலிருந்து இருக்கிறேன், உடுப்பு மடித்துக்கொண்டு. லைன் வந்தபிறகும் அவருக்கு நானாக ஒரு போன் எடுக்கவில்லை.

"ஏன் எடுக்கல?"

"வேலையிலை நிப்பீங்கள். கரைச்சல் எண்டு நினைச்சன்."

அவர் வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். சேட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "நான் ஒரு பொண்டாட்டியத்தான் கட்டினேன்" என்றார். "வாடகைக்கு அறை எடுத்த ஒரு போர்டரோட குடும்பம் நடத்த என்னால ஏலாது. நத்தார் வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பொறகும் நீ இப்பிடித்தான்னா, நாம பிரிஞ்சிரலாம்."

நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, ஆறு கிழமை இருந்தது. இன்னொருத்தி என்றால் அழுதிருப்பாள், காலைப் பிடித்திருப்பாள், சட்டியை எறிந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை எடுத்து அதற்குள் ஒரு பற்தூரிகையும் சவர்க்காரமும் வைத்தேன். போகச் சொல்லும் முன்பே போக ஆயத்தமாக இருப்பது, எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அவரை இழக்கப் போகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் இல்லாவிட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. வாயைத் திறக்க மட்டும் முடியவில்லை. 'என்னைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கோ' என்று கேட்க ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு இருபத்தேழு வயதில் தெரியவில்லை.

நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். எங்கள் கதவுக்கு ஒரு வயதான பொலிஸ்காரரும் துவக்கோடு இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். என் கணவர் பொலிஸ் ரிப்போட்டை எடுத்து நீட்டினார். பொலிஸ்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பிறகு என்னைக் காட்டி, "மே கவுத?" என்றார். இது யார் என்று கேட்கிறார்.

"மகே நோனா, சேர்" என்றார் என் கணவர். என் மனைவி.

பொலிஸ்காரர் தாளை மறுபடி பார்த்தார். "நோனா? தாவகாலிக கியலா தியென்னே" என்றார். மனைவி என்கிறாய், தற்காலிகம் என்றல்லவா இருக்கிறது. உறவினர் என்றும் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் படிப்பு என்றும் இருந்தது. வயது இருபத்தேழு, காப்புறுதிக் கம்பனி உத்தியோகத்தர், கழுத்தில் தாலி, காரணம் படிப்பு. முத்து முத்தான என் கையெழுத்து. எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில் கை தானாகவே எழுதிக்கொண்டு போயிருக்கிறது.

"என்ன படிக்கிறா?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். அவருடைய முகம் மாறியிருந்தது. ஆமிக்காரரில் ஒருவர் அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே குனிந்து பையை இழுத்து வந்தார். மேசையில் கொட்டினார். இரண்டு சோடி உடுப்பு, பத்திரங்கள், பற்தூரிகை, சவர்க்காரம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண், கட்டிவைத்த பையோடு. அந்த நாட்களில் அப்படிப்பட்டவளைப் புலி என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எங்கே போகப் போகிறாய் என்று பொலிஸ்காரர் கேட்டார்.

என் கணவர் மேசையைப் பார்த்தார். பற்தூரிகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையை அவர் அதுவரை திறந்து பார்த்ததில்லை. பிறகு திடீரென்று தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"அப்பி ரண்டு வுணா, சேர்" என்றார். எங்களுக்குள் சண்டை. பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பை கட்டிவிட்டாள், கோபத்தில் படிவத்திலும் இப்படி எழுதித் தொலைத்திருக்கிறாள், மகா சண்டைக்காரி. சொல்லிக்கொண்டே தன் ஃபைலில் இருந்து கல்யாணப் பதிவை எடுத்துக் காட்டினார். பொலிஸ்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். தன் வீட்டிலும் மாதத்துக்கு ஒருமுறை பை கட்டுப்படும் என்றார். ஆமிக்காரர்களும் சிரித்தார்கள். நாளைக்கே ஸ்டேஷனுக்கு வந்து புதுப் படிவம் கொடு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒருநாளும் வாய் திறந்து சண்டை பிடிக்காத என்னைச் சண்டைக்காரி என்று பொய் சொன்னதால்தான் நான் மனைவி என்று அரசாங்கம் நம்பியது.

கதவைச் சாத்திவிட்டு அவர் திரும்பினார். இன்னும் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

"ஏன் சிரிச்சனீங்கள்?" என்றேன்.

"என்னா?"

"அவங்களோடை சேந்து என்னைப் பாத்து ஏன் சிரிச்சனீங்கள்!" அது என்னுடைய குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "என்ன சிரிப்பு உங்களுக்கு? நத்தார் வரைக்கும் பாப்பன் எண்டு சொல்ல நீங்கள் ஆர்? போகச் சொல்லுவீங்கள், நான் போகவேணுமோ? நான் போகமாட்டன்! அலுமாரியிலை பாதி பாதி எண்டு சொல்லுறீங்களே, அந்தப் பாதியிலை முழுக்க உங்கடை பழைய சேட்டுத்தானே கிடக்கு? நான் எங்கை வைக்கிறது? என்ரை தலையிலையோ? எடுங்கோ! இப்ப எடுங்கோ!"

கையில் அகப்பட்ட சவர்க்காரத்தை எறிந்தேன். அது அவர் தோளில் பட்டுக் குசினிக்குள் போய் விழுந்தது. அவர் ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு அந்த மனிதருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல! வளர்ந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட ஆள்போல அவரும் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார். "ஒரு வருசமா சொல்றேன், ஒரு சேட்ட நீ எடுத்து எறிஞ்சியா? பிரஷ்ஷு வாங்கி வச்சிருக்கா பாரு, பிரஷ்ஷு! என்கிட்ட சொல்லாம!" மேலே குடியிருந்த வீட்டுக்காரம்மா தும்புத்தடியால் தரையில் இடித்தார். நாங்கள் நிறுத்தவில்லை.

பின்னேரம் புதுப் படிவத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். முதல் வரியில் அவருடைய பெயரை எழுதினேன். இரண்டாவதில் என் பெயர். உறவு: மனைவி. நிரந்தரம். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது பேனை தானாகவே தாளில் ஊன்றியது. "அத வெறுமையா விடு" என்றார். விட்டேன். ஒரு சின்னக் கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு நான் பட்ட பாட்டைப் பார்த்தால் அந்த மனநல அம்மையார் கைதட்டியிருப்பார்.

நத்தார் கழிந்து, ஊருக்கு லைன் கிடைத்த ஒரு நாளில் அம்மா போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், தம்பிமாரின் கதை சொன்னார். கடைசியாக எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

"மருமோனுக்குக் கரைச்சல் ஒண்டும் குடுக்கிறேல்லைத்தானே?"

"குடுக்கிறன் அம்மா. நல்லாக் குடுக்கிறன்."

"ஏன் பிள்ளை இப்பிடிக் கதைக்கிறாய்? முந்தி நீ இப்பிடி இல்லையே" என்றார்.

"முந்தி எண்டால் எப்ப அம்மா?" என்று கேட்டேன். "எனக்கு எட்டு வயசு வரைக்கும்தானே உங்களுக்கு என்னைத் தெரியும்."

அம்மா அழத் தொடங்கினார். வழக்கமாக இந்த இடத்தில் நான், பரவாயில்லை அம்மா, வையுங்கோ என்று சொல்லுவேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.